முகமிழந்த தம்பி

கடைக்குள் தெருநாய் நுழைந்துவிட்டால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் பெரியவர் அவர்கள் இருவரையும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடி மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றின் மேல் தன் கைப்பையை வைத்தார். மற்றதன் மேல் அன்றைய செய்தித்தாளை விரித்துப் போட்டார்.

“நாம உக்காந்தா நாற்காலிக்குக் கால் வலிக்கும்னு கவலைப்படறாரு அண்ணி. இளகின மனசு,” என்றான் ஊசி, அவருக்குக் கேட்கும்படியாகவே.

ஊசி என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. உடம்பும் அப்படி, வாயும் அப்படி என்பதால் ஊர் வைத்தது. நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் உதிரவில்லை. அவன் அண்ணன் நடத்திய துப்பறியும் அலுவலகத்தை அண்ணன் காலமான பிறகு அண்ணி எடுத்து நடத்தினார். மூளை அண்ணியுடையது. அலைச்சல் ஊசியுடையது. பேச்சும் அவனுடையதுதான், ஆனால் அதை யாரும் அவனிடம் ஒப்படைத்ததில்லை.

அண்ணி நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னார். பெரியவரின் தம்பி மனைவி தங்களை அமர்த்தியிருக்கிறார், கீறப்பட்ட பழங்காசை ஒரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவருக்குக் காது சிவந்தது. அவன் செய்த அக்கிரமத்துக்கு அவன் பெண்டாட்டி வக்காலத்தா என்று ஆரம்பித்து, அந்தப் பெண் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து நடந்த கெடுதல்களை வரிசையாகச் சொல்லி முடித்தார். அவற்றுள் மழை பெய்யாததும் ஒன்று. அண்ணி குறுக்கிடவே இல்லை. பேசிக் களைத்த ஆள்தான் கேட்ட பொருளைக் காட்டுவான் என்பது அவருடைய அனுபவம்.

விஷயம் இதுதான். பழங்காசுகள் விற்கும் அந்தக் கடை அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா விட்டுச் சென்றது. விற்பனை பெரியவர் கையில், காசுகளைச் சுத்தம் செய்து இனம் பிரிப்பது சின்னவர் கையில். பல வருஷங்களாக இருவருக்கும் ஆகாது. போன ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் பெரிய சண்டை. தெருவே கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் சின்னவர் அண்ணனைப் பார்த்து, “உன் மூஞ்சியைக் கீறாம விடமாட்டேன்” என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை பெரியவர் கடையைத் திறந்தபோது, அப்பா உயிராய் வைத்திருந்த ரோமானிய வெண்கலக் காசில் ஒரு முகம் கீறப்பட்டிருந்தது. சாவி இருவரிடம் மட்டுமே உண்டு. கடைப் பொருளை வேண்டுமென்றே பாழாக்கும் பங்காளி பங்கை இழப்பான் என்று அப்பா எழுதிவைத்திருந்தார். அன்று மதியம் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். வந்து எழுதிவிட்டால், சின்னவருக்குக் கடையில் பங்கு போய்விடும்.

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சொல்வாங்க. இவரு தம்பிக்கு அஞ்சிப் படையையே கூப்பிட்டிருக்காரு,” என்றான் ஊசி.

பெரியவர் அவனை முறைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வாயை அரக்கு வைத்து மூடியிருந்தார். அதைக் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, வேண்டுமானால் இப்படியே பாருங்கள் என்றார். சின்னவருக்கும் இதை இப்படி எட்ட நின்றுதான் காட்டினாராம். ஆதாரத்தில் கைபடக் கூடாது என்பது சட்டமாம்.

உள்ளங்கையில் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரிய காசு. பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு நிறம். அண்ணி தன் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். இடப்பக்கம் ஓர் இளைஞனின் தலை, அதில் இலைகளால் கட்டிய கிரீடம். அவன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் யாரும் இல்லை. கழுத்தும் தோளும் இருந்தன. அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகள் மட்டும்தான்.

யார் முகம் போனது என்று அண்ணி கேட்டார். பெரியவர் பெருமூச்சோடு விளக்கினார். ரோமானியப் பேரரசர் ஒருவருக்கு இரண்டு மகன்கள். அண்ணன் காரகல்லா, தம்பி கெட்டா. அண்ணனுக்கு முதலில் பட்டம் கட்டியதால் அவன் தலையில் கிரீடம். தம்பி அப்போது வெறும் இளவரசன், வெறுந்தலை. இருவரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்ட, எதிரெதிரே முகம் பார்க்கும்படி காசில் அடித்தார்கள். கீறப்பட்டது தம்பியின் முகம்.

“பேரே கெட்டா. அப்புறம் எப்படி வெளங்கும்?” என்ற ஊசி, சட்டென்று நிமிர்ந்தான். “ஒரு சந்தேகம் சார். நானும் ஒரு தம்பிதான். அண்ணன் மேல ஆத்திரம் வந்தா அண்ணன் மூஞ்சியைத்தானே கீறத் தோணும்? உங்க தம்பி எதுக்குத் தன் மூஞ்சியைக் கீறிக்கிட்டாரு?”

பெரியவரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு, பைத்தியத்துக்குக் காரணம் கேட்கிறவன் அதைவிடப் பெரிய பைத்தியம் என்று சொல்லி உறையை உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஊசி அண்ணியைப் பார்த்தான். பாராட்டு எதுவும் அங்கே தெரியவில்லை. அண்ணி பெரியவரின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மங்கிப்போன சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் புதிதாகப் பூசியது போல வெளுத்திருந்தது. அதன் நடுவே சின்னக் காலண்டர் ஒன்று, பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி, பொருந்தாமல் தொங்கியது. அங்கே முன்பு என்ன மாட்டியிருந்தது என்று அண்ணி கேட்டார். பெரிய காலண்டர் என்றார் பெரியவர். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்தக் கடையில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே உபசாரம் அதுதான்.

தெருவுக்கு வந்ததும் அண்ணி சின்னவர் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது சின்னவரே. யார் பேசுவது என்று தெரிந்ததும் வைத்துவிடப் பார்த்தார். துப்பறிகிற ஆட்களைத் தான் கூப்பிடவில்லை, பெண்டாட்டி கூப்பிட்டாள், என் அப்பாவின் காசைக் கீறுகிறவனா நான் என்பதை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலைமை வந்தால் கடையே வேண்டாம் என்றார். அதையே நேற்றும் சொல்லிக் கதவைச் சாத்தியவர்தான். பின்னாலிருந்து அவர் மனைவி போனைப் பிடுங்குவது கேட்டது. அந்தச் சுவரில் காலண்டர் எதுவும் இருந்ததில்லை என்றார் அந்தப் பெண். மாமனார் அந்தக் காசைப் பெரிதாகப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சண்டை நடந்த ஞாயிற்றுக்கிழமை படம் இருந்தது. மறுநாள் இல்லை. அந்தப் படத்தைப் பிடித்துக் கொடுத்தவர் கடைவீதி முனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்.

“காசைக் கீறினவன் படத்தை எதுக்கு எடுத்துட்டுப் போறான் அண்ணி?”

“அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்,” என்றார் அண்ணி. “காசு சொல்லாததைப் படம் சொல்லும்னு யாரோ பயந்திருக்காங்க. நட.”

ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியில் மணமக்கள், மொட்டைத் தலைக் குழந்தைகள், பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் வெயிலில் வெளிறிப்போய் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே, ஒரு முழத்துக்கு ஒரு முழமாக, அந்தக் காசு. ஊசி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் முறைக்கிறார்களா, கொஞ்சுகிறார்களா என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முகங்களும் முழுசாக இருந்தன. ஒற்றுமைக்கு அடித்த காசு என்று பெரியவர் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. அப்புறம் இவர்கள் என்ன ஆனார்கள் என்று அண்ணியைக் கேட்டான்.

அண்ணி நேற்றே படித்துவிட்டு வந்திருந்தார். அப்பா கண்ணை மூடியதும் அண்ணன் ஆள் வைத்துத் தம்பியைக் கொன்றான். தாயின் மடியில் ஒளிந்தவனை அங்கேயே வெட்டினார்களாம். அதோடு விடவில்லை. நாடு முழுக்கத் தம்பியின் சிலையும் பெயரும் முகமும் இருந்த இடம் தெரியாமல் அழிய வேண்டும் என்று உத்தரவு. தூரதேசத்து ஊர்க்காரர்கள் பயந்துபோய்த் தங்கள் கையிலிருந்த காசுகளில்கூடத் தம்பியின் முகத்தை உளியால் கொத்தினார்கள்.

“ஓநாய்கிட்ட ரெண்டு குழந்தை பால் குடிக்கிற காசு ஒண்ணு அங்க தட்டுல பாத்தேன். அதுலயும் ஒருத்தன் இன்னொருத்தனைக் கொன்னுட்டான்னு சொல்வாங்களே,” என்றான் ஊசி. “இந்த ரோமாபுரிக்காரங்களுக்குக் கூடப்பொறந்தவங்கன்னாலே ஆகாதா?”

அண்ணி பூதக்கண்ணாடியைக் கடைக் கண்ணாடியின் மேல் வைத்து, படத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். பிறகு ஒரு தரம் சிரித்தார். ஊசிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

ஸ்டூடியோக்காரர் வாசலுக்கு வந்து, கண்ணாடியில் மூக்கெண்ணெய் ஒட்டினால் யார் துடைப்பது என்று கேட்டார். அறுபதைத் தாண்டியவர். முகத்தைப் பார்த்தால் இதுவரை யாரையும் ‘சிரிங்க’ என்று சொல்லிப் படம் எடுத்தவராகத் தெரியவில்லை. அந்தப் படம் வேண்டும் என்று அண்ணி சொன்னதும் அவர் இன்னும் கடுத்தார். திடீரென்று எல்லோருக்கும் இந்தப் படத்தின் மேல் காதல் வந்துவிட்டது, போன வாரமும் ஒருத்தர் வந்து கேட்டார், கேட்ட விலை தருகிறேன் என்றார், கொடுக்க முடியாது என்றதும் கண்டபடி ஏசிவிட்டுப் போனார். தான் எடுத்த படங்களிலேயே இது ஒன்றுதான் தனக்குத் திருப்தியாக வந்தது. விற்கவும் மாட்டேன், இரவலும் தரமாட்டேன்.

அந்த ஒருத்தர் யார் என்று ஊசி கேட்டான். பெயரெல்லாம் கேட்கவில்லை, பார்த்தால் தெரியும் என்றார்.

அண்ணி கெஞ்சவில்லை. படத்தைத் தன்னிடம் தர வேண்டாம், அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினால் போதும் என்றார். படத்தைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார், எடுத்தவர்தான் பதில் சொல்ல முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார். தொழிலைப் பற்றிக் கேள்வி என்றதும் கிழவர் முறுக்கிக்கொண்டார். கடையைச் சாத்தினார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஊசி ஒரு கை கொடுக்கப் போனபோது, அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இரண்டு நாற்காலிகளும் இப்போது காலி செய்யப்பட்டிருந்தன. ஒன்றில் அவர், மற்றதில் அவருடைய தொப்பி. சின்னவரையும் அவர் மனைவியையும் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். சின்னவர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணனைப் பார்க்கவில்லை. பெரியவர் உறையை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, கண் கலங்க, அப்பாவின் ஆத்மா எப்படித் துடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடப்பாரையை விழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடிப்பது போல இருந்தது அது.

அண்ணி இன்ஸ்பெக்டரிடம் ஒரு நிமிஷம் கேட்டார். அவருக்குப் பசி. அரை நிமிஷம் தந்தார். ஸ்டூடியோக்காரர் படத்தை மேசையில் நிறுத்தித் தானே பிடித்துக்கொண்டார். அதைக் கண்டதும் பெரியவர் கண் துடைப்பதை நிறுத்தினார்.

“இது கீறாத காசு. இவங்க அப்பா எடுக்கவெச்ச படம்,” என்றார் அண்ணி. “உறையில இருக்கறது கீறின காசு. ரெண்டும் ஒண்ணுன்னு பெரியவர் சொல்றார். சார், உறையில கிரீடம் வெச்சவன் எந்தப் பக்கம் இருக்கான்?”

இடப்பக்கம் என்றார் இன்ஸ்பெக்டர்.

“படத்துல?”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். படத்தில் இடப்பக்கம் இருந்தவன் தலை வெறுந்தலை. கிரீடம் வலப்பக்கத்தவனுக்கு.

“கீறினா முகம் அழியும் சார்,” என்றார் அண்ணி. “அண்ணனும் தம்பியும் இடம் மாறி உக்கார மாட்டாங்க.”

பெரியவர் சிரித்தார். படம் திருப்பிப் போட்டு அச்சாகியிருக்கிறது, கைத்தொழில் தெரியாத ஸ்டூடியோக்காரர்கள் செய்கிற தவறுதான் என்றார். ஸ்டூடியோக்காரர் படத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தார். காசுக்குக் கீழே அளவு தெரிவதற்காக ஓர் அடிக்கோல் கிடந்தது. அதில் எண்கள் ஒழுங்காக இடமிருந்து வலமாக ஓடின.

இன்ஸ்பெக்டர் அரக்கை உடைத்துக் காசை வெளியே எடுத்தார். அப்போதுதான் அது முதல் முறையாகச் சின்னவரின் கைக்கு வந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இது எங்கள் காசே இல்லை என்றார். அண்மையில் கீறியிருந்தால் கீறலுக்குள் வெண்கலம் பளபளவென்று மின்ன வேண்டும், இதில் கீறலின் அடி வரைக்கும் பச்சை படிந்திருக்கிறது, இதைக் கொத்தியவன் செத்து யுகமாகிறது.

வழக்கு அதோடு முடிந்தது என்று ஊசி நினைத்தான். பெரியவர் அவனைவிட வேகமாக நினைத்தார்.

“ஆக, ஒப்புக்கிட்டான்,” என்றார். “எழுதிக்குங்க சார். கீறலை. திருடியிருக்கான். அசல் காசை எடுத்து வித்துட்டு, ஒதவாத காசைக் கொண்டாந்து வெச்சிருக்கான். காசுல கை வெக்கிறவன் அவன்தான். நான் விக்கிறவன், எனக்கு என்ன தெரியும்? நானும் ஏமாந்துட்டேன்.”

சின்னவரின் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டார். கீறியதற்குப் பங்குதான் போகும். திருட்டு என்றால் சிறை. தாங்கள் அமர்த்திய ஆட்களே தங்கள் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண் நேராக அண்ணியைப் பார்த்துச் சொன்னார். சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார். ஊசி குறுக்கே போய் நின்றுகொண்டான். இடித்திருந்தால் அவன் இரண்டாக ஒடிந்திருப்பான் என்பது வேறு விஷயம்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. சரி, சின்னவரே மாற்றிவைத்தார் என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் சுவரில் இருந்த படத்தைக் கழற்றியவர் யார்? அதுவும் அவன்தான் என்றார் பெரியவர், தயங்காமல். மாற்றியது தெரிந்துவிடும் என்று பயந்து படத்தையும் தூக்கிவிட்டான்.

“அப்ப காலையில நான் கேட்டப்போ, பெரிய காலண்டர் இருந்துச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

பெரியவர் வாயைத் திறந்தார். அதற்குள் இதுவரை பேசாதிருந்த ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி அவருக்கு எதிரே போய் நின்றார். வாடிக்கையாளரை நிறுத்திவைத்து வெளிச்சம் பார்ப்பது போலத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“இந்த ஆள்தான்,” என்றார். “போன வாரம் வந்து இந்தப் படத்தை விலைக்குக் கேட்டது. வெள்ளிக்கிழமை. தரலைன்னதும் என் தொழிலைப் பத்திக் கேவலமாப் பேசினது. இன்னிக்கும் அதையேதான் பேசறான்.”

ஞாயிற்றுக்கிழமைதான் சண்டை. அதற்கும் முன்னாலேயே ஒருவர் ஊரிலிருந்த மறு படத்தைத் தேடி அலைந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பசி பறந்துவிட்டது போலிருந்தது. அசல் காசு எங்கே என்று கேட்டார். குரலில் ‘சார்’ இல்லை, ‘ஐயா’வும் இல்லை.

பெரியவர், இன்ஸ்பெக்டரிடம் அல்ல, காலண்டர் தொங்கிய சுவரிடம் பேசுவது போலச் சொன்னார்.

“எங்கப்பா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. பாருங்க, சின்னவனை முன்னால நிறுத்தியிருக்காங்கன்னு. இடப்பக்கம், வரிசையிலே முதல்ல அவன். இந்தக் கடையிலயும் அப்படித்தான். கடையைத் தூக்கி நிறுத்தினது நான். கிரீடத்தை வெச்சுக்கிட்டு எப்பவும் ரெண்டாவது ஆளா நின்னேன். முகம் கொத்தின பழைய காசு ஒண்ணு விலைக்கு வந்துச்சு, அதை வாங்கி மறைச்சு வெச்சுக்கிட்டு, இவனே சண்டைக்கு வரட்டும்னு காத்திருந்தேன். வந்தான்.”

இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்து மேசையில் போட்டார். பின்னறை அலமாரியில், சலவைக்குப் போய் வந்த கைக்குட்டைகளுக்கு அடியில், சட்டம் கழற்றிய படமும் காகிதத்தில் சுற்றிய காசும் இருந்தன. இன்ஸ்பெக்டர் காசைச் சின்னவர் கையில் கொடுத்தார். முகங்கள் இரண்டும் இருந்தன. சின்னவர் கட்டை விரலால் இரண்டையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். அழுவார் என்று ஊசி எதிர்பார்த்தான். அழவில்லை. காசை மேசையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு வயசாகியிருந்தது. குடும்பங்கள் நிறையப் பார்த்தவர். பொருள் கிடைத்துவிட்டது, ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்வதானால் தான் எழுந்து போய்விடத் தயார் என்றார். சின்னவரின் மனைவி கணவன் முகத்தைப் பார்த்தார். பெரியவரும் தலையைத் தூக்கினார். அன்று முழுக்க அவன், இவன் என்று மட்டுமே பேசியவர், முதல் தடவையாக “தம்பி” என்றார்.

“புகார் எழுதிக்குங்க சார்,” என்றார் சின்னவர்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் அவருக்கு. “என் உடன்பிறந்த அண்ணன்...” என்று தொடங்கினார்.

“அண்ணன்னு போடாதீங்க. பேரை மட்டும் எழுதுங்க.”

ஊசி மேசையிலிருந்த காசைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் எழுதிய சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். போதாதென்று தோன்றியதோ என்னவோ, இன்னொன்றும் இழுத்துவிட்டு மேலே எழுதிக்கொண்டு போனார்.